கடலோரத்து ஈரத்தில் ஸ்டேட்டிக் வருமா? மண்டபம் வாசகருக்குப் பதில்

கேள்வி: மண்டபத்தில் படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் காட்டும் கருவி), விஎச்எஃப் செட் (படகு ரேடியோ) பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னுடன் இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். உப்புக்காற்று உள்ளே வரக்கூடாது என்று அறையை அடைத்து ஏசி போட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில் சரிசெய்து கொடுத்த செட்டுகளில் சில, தொழிலுக்குப் போன ஒன்றிரண்டு வாரத்திலேயே திரும்பி வருகின்றன. “ஸ்டேட்டிக் அடித்திருக்கும்” என்கிறார் பாகங்கள் விற்பவர். கடலோரத்தில் இவ்வளவு ஈரத்தில் ஸ்டேட்டிக் வருமா? ஆன்லைனில் நீல நிற மேட்டும், ஒயர் இல்லாத ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டுப் பட்டை) ஒன்றும், ஒயர் உள்ளது ஒன்றும் வாங்கினேன். மேட்டையும் ஒயரையும் ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறோம். போர்டுகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி வைக்கிறோம். அடுத்து ஐயோனைசர் (மின்னூட்டத்தைச் சமன்செய்யும் காற்றை வீசும் கருவி) வாங்கலாமா?

பதில்: வரும். ஸ்டேட்டிக் என்பது உரசலால் உடம்பிலும் பொருளிலும் சேரும் மின்னூட்டம். ஈரம் அதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. மேசையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தால், காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது உடம்பில் 20,000 வோல்ட் வரை ஏறும்; 65 முதல் 90 சதவீதத்தில் அதே செயலுக்கு 1,200 வோல்ட். வினைல் தரையில் நடப்பதற்கு 12,000 வோல்ட், ஈரத்தில் 250. இத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் எண்கள் இவை. கையில் சுரீர் என்று உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் ஸ்டேட்டிக் பாய்வதை (இஎஸ்டி) கட்டுப்படுத்தும் ஏஎன்எஸ்ஐ/இஎஸ்டி எஸ்20.20, ஐஇசி 61340-5-1 ஆகிய தரநிலைகள் 100 வோல்ட்டில் கெடக்கூடிய பாகங்களையும் காப்பதற்கென்று எழுதப்பட்டவை. ஆக 1,200 வோல்ட் உங்கள் விரலுக்குத் தெரியவே தெரியாது. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குப் பின்னால் இருக்கும் முதல் ஆம்ப்ளிஃபையருக்கு நன்றாகவே தெரியும். போதாததற்கு, அறையை அடைத்து ஏசி போட்டிருக்கிறீர்கள். வெளியே 80 சதவீதம் இருந்தாலும் ஏசி தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். ஒரு சாதாரண ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் கருவி) மேசைமேல் வைத்து, உள்ளே எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

அதற்காக ஏசியை நிறுத்திவிட வேண்டாம். சமையல் உப்பு சுமார் 75 சதவீத ஈரத்தில் காற்றின் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். போர்டில் உப்புப் படிந்திருந்தால் அந்த ஈரம்தான் ஐசி (சிப்) கால்களுக்கு இடையே கசிவையும் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும். அறை 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஸ்டேட்டிக்கை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வழிக்குப் போகுமுன் ஒன்று. திரும்பி வரும் செட்டுகள் எல்லாவற்றையும் ஸ்டேட்டிக் கணக்கில் எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கிறது. செட்டு உங்கள் மேசையில் இருந்த நாள்போக, மிச்ச நாளெல்லாம் அதன் ஒயரும் கனெக்டரும் உப்புக்காற்றில்தான் கிடந்தன. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் பக்கமும், வாடையில் (வடகிழக்குக் காற்று) வடகடல் பக்கமும் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்த போர்டைக் கழுவுவதற்கு முன் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கால்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது அரிப்பு. பவர் பகுதியில் கருகல், வெடித்த கெப்பாசிட்டர், உருகிய டிராக் இருந்தால் படகின் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். ஸ்டேட்டிக் அப்படிக் கருக்காது. போர்டு புதிதுபோல் பளிச்சென்று இருந்தும் ஒரு ஐசி மட்டும் செத்திருந்தால்தான் ஸ்டேட்டிக்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் போர்டின் கிரவுண்டிலும் கறுப்பை ஐசியின் ஒவ்வொரு காலிலும் தொட்டு வாருங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். அதே மாடல் நல்ல போர்டில் 0.55 காட்டும் கால் இங்கே 0.02 என்றோ திறந்த நிலை என்றோ காட்டினால், அந்தக் கால் அடிவாங்கியிருக்கிறது. அடித்தது ஸ்டேட்டிக்கா கரண்டா என்று மீட்டர் சொல்லாது. ஆனால் அந்தக் கால் எங்கே போகிறது என்பது சொல்லும். ஆன்டெனாவுக்கோ வெளி ஒயருக்கோ போகிறதென்றால் சந்தேகம் வலுக்கும்.

‘அடிபட்டு, அரை உயிராய் ஓடி, சில வாரத்தில் சாகும் ஐசி’ என்பதும் உண்டு. ஆனால் ஐசியைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் அதை நிரூபிக்க முடியாது. காரணம் புரியாத பழுதையெல்லாம் அதன் தலையில் போடுவது சோம்பேறித்தனம்.

இனி உங்கள் மேசை. ஒயர் இல்லாத ரிஸ்ட் ஸ்ட்ராப்பை இன்றைக்கே தூக்கி எறியுங்கள். மின்னூட்டம் உடம்பிலிருந்து இறங்க ஒரு பாதை வேண்டும். அதில் பாதையே இல்லை. ஜன்னல் கம்பியும் எர்த் இல்லை. செங்கல் சுவரில் பதிந்த இரும்பு எங்கும் போய்ச் சேர்வதில்லை. எங்காவது ஒயர் உரசி அதில் கரண்ட் ஏறினால் உங்கள் கையும் மேட்டும் அதோடு கோத்துக்கொள்ளும்.

நீல மேட்டைப் பற்றி. திருகாணி வைக்கக் குழிகளும் ஓரத்தில் ஸ்கேல் அச்சும் உள்ள, வளைத்தால் ரப்பர்போலத் துவளும் மேட்டாக இருந்தால், அது பெரும்பாலும் சால்டரிங் சூடு தாங்கும் சிலிக்கான் மேட். அதன் மேல் பட்டனைக் குத்தி ஒயர் இழுத்தாலும் பயனில்லை. சிலிக்கான் ஒரு இன்சுலேட்டர், உரசினால் தானே மின்னேறும். உண்மையான இஎஸ்டி மேட் பெரும்பாலும் இரண்டு அடுக்காக இருக்கும்: மேலே நீலமோ பச்சையோ, கீழே கறுப்பு. வெட்டிய ஓரத்தில் இரண்டும் தெரியும். உறுதி செய்ய அளக்கத்தான் வேண்டும்.

மல்டிமீட்டரால் மேட்டை அளக்க முடியாது. அது ஓம் நிலையில் ஓரிரு வோல்ட்தான் கொடுக்கும். நமக்கு வேண்டியது 100 வோல்ட்டில் எடுத்த அளவு. 100 வோல்ட் நிலை உள்ள டிஜிட்டல் மெக்கர் (உயர் மின்தடை அளக்கும் மீட்டர்) போதும். 500 வோல்ட்டில் அளந்தால் எண் வேறாக வரும், அதை ஒப்பிடக்கூடாது. கூடவே இரண்டு எடைகள் வேண்டும்: ஒவ்வொன்றும் 2.27 கிலோ, அடிப்பகுதி 63.5 மில்லிமீட்டர் விட்டம். கடையில் விலை அதிகம். படகு எஞ்சின் வேலை பார்க்கும் லேத்தில் அதே விட்டமுள்ள இரும்பு ராடைச் சுமார் 9.1 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிக் கொடுக்கச் சொன்னால் எடை சரியாக வந்துவிடும். தராசில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் கடத்தும் ரப்பர் ஒட்டுங்கள். கிடைக்காவிட்டால் அலுமினியத் தாளை நாலைந்து மடிப்பாக, சுருக்கமில்லாமல் கட்டுங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும். நல்ல மேட்டையும் போலி மேட்டையும் பிரித்தறியப் போதும்.

மேட்டின் மேல் எதுவும் இருக்கக்கூடாது. எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டு எடைகளையும் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, மெக்கரின் இரு முனைகளையும் மாட்டி, 15 விநாடி பொறுத்து எண்ணைக் குறியுங்கள். அளக்கும்போது எடையையோ ஒயரையோ கையால் தொடாதீர்கள். உங்கள் உடம்பு வழியே கசிந்து எண் குறையும், கரண்டும் அடிக்கும். பிறகு ஒரு எடையை அதிகம் வேலை நடக்கும் இடத்தில் வைத்து, மறுமுனையை எர்த் பட்டனில் கொடுத்து அளங்கள். இரண்டிலும் 1 மெகா ஓமுக்கும் 1,000 மெகா ஓமுக்கும் இடையே வர வேண்டும். அதற்கு மேல் என்றால் மின்னூட்டம் இறங்காது. மிகக் குறைவு, சில ஆயிரம் ஓம் என்றால் மின்னேறிய ஐசி மேட்டைத் தொட்டவுடன் சட்டென்று வெளியேறி அதுவே அடியாகிவிடும். மின் இணைப்போடு சோதிக்கும் போர்டும் அதில் ஷார்ட் ஆகலாம். பளபளக்கும் ஸ்டீல் மேசை வேண்டாம் என்பது இதனால்தான். உங்கள் நீல மேட் முழு அளவையும் தாண்டிக் காட்டும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

நல்ல மேட் வந்தபின் உப்பு அதையும் விடாது. உப்புப் படலம் மழைக்காலத்தில் ஈரமாகி எண்ணைக் குறைத்துக் காட்டும். காய்ந்து அழுக்கோடு இறுகினால் கூட்டிக் காட்டும். வாரம் ஒருமுறை துடையுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்த் தண்ணீரில் துடைத்தால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசியதாகத்தான் ஆகும். கேன் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை, காய்ந்ததும் ஐபிஏவால் (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) ஒருமுறை. மேசை பளபளக்கத் தெளிக்கும் சிலிக்கான் கலந்த ஸ்பிரே மேட்டின் வேலையைக் கெடுத்துவிடும். போர்டு கழுவவும் போர்வெல் தண்ணீர் கூடாது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை, பல கடைகளில் நடக்கிறது.

எர்த்துக்கு வருவோம். இங்கேதான் உயிர்ப்பயமும் இருக்கிறது. மேட், ஸ்ட்ராப், சால்டரிங் ஸ்டேஷன் எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும். மேசைக்கு அடியில் ஒரு பித்தளைப் போல்ட் போதும். அதிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் பச்சை ஒயர் ஒன்று மூன்று பின் சாக்கெட்டின் எர்த்துக்குப் போகட்டும். மேட்டிலிருந்து ஸ்ட்ராப்புக்கு, அதிலிருந்து அடுத்த மேட்டுக்கு என்று மாலை கோக்கக்கூடாது. ஒரு முடிச்சு விட்டால் எல்லாமே விட்டுப்போகும். போல்ட்டுக்கும் சாக்கெட் எர்த்துக்கும் இடையே 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டிக்குக்கென்று தனிக்கம்பி அடித்தால் அதையும் கட்டிட எர்த்தோடு சேர்த்தே கட்ட வேண்டும். தனித்தனியாக விட்டால் இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் நிற்கும்; மேட்டில் இருக்கும் போர்டுக்கும் சால்டரிங் முனைக்கும் இடையே அதுவே பாயும்.

அதற்குமுன் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வந்தால் சரி என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. துருப்பிடித்த எர்த்திலும் 230 காட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏசி ஓடும்போதும் அசையாமல் சுழி காட்டினால், யாரோ சாக்கெட்டிலேயே நியூட்ரலை எர்த்தில் முறுக்கி வைத்திருக்கலாம். அது ஆபத்து: வரும் நியூட்ரல் ஒயர் அறுந்தால் எர்த் பின்னில் 230 நிற்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் டெஸ்டரால் அளந்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்தில் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எர்த்துக்குப் புதைக்கும் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) உங்கள் மண்ணில் நீண்டநாள் நிற்காது, முதலில் போவது கிளாம்ப். காப்பர் பூசிய ராடு நல்லது. உப்புத் தண்ணீர் ஊறும் மண்ணில் எர்த் குழிக்கு மேலும் உப்பு கொட்டுவது துருவைத்தான் வளர்க்கும். இன்வெர்ட்டரில் ஓடும்போதும் எர்த் பின் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று கரண்ட் இல்லாத நேரத்தில் ஒருமுறை பாருங்கள்.

ஒயர் உள்ள ஸ்ட்ராப் சரியான பொருள்தான், உள்ளே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருந்தால். 230 வோல்ட்டைத் தப்பித் தொட்டாலும் அது கரண்டை 0.23 மில்லிஆம்பியருக்குள் நிறுத்தும். மலிவான ஒயர்களில் ரெசிஸ்டரே இருக்காது, அல்லது பட்டனுக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். மல்டிமீட்டரை 2 மெகா ஓம் நிலையில் வைத்து ஒயரின் இரு முனைகளையும் பிடித்து, பட்டன் பக்கத்தை வளைத்துக்கொண்டே பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் நிற்காமல் எண் துள்ளினால் குப்பையில் போடுங்கள். சுழிக்குப் பக்கத்தில் காட்டினால் ரெசிஸ்டர் இல்லை; தொடவே வேண்டாம். தினமும் காலையில் கட்டியபின் ஸ்ட்ராப் டெஸ்டரில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மேல் எல்லை 35 மெகா ஓம்; பல டெஸ்டர்கள் 10-லேயே சிவப்புக் காட்டும், அது நல்லதுதான். இந்த ஊர் வியர்வையில் தோல் நன்றாகவே கடத்தும். ஏசியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் தோல் காய்ந்து காலையில் தேறிய ஸ்ட்ராப் மதியம் தோற்கும். மதியமும் ஒருமுறை பாருங்கள். வியர்வை உப்பு உலோகப் பட்டையைக் கறுக்க வைக்கும், ஐபிஏவால் துடையுங்கள். ஆள் மாட்டியிருக்கும் ஸ்ட்ராப்பை மெக்கரால் சோதிக்கவே கூடாது.

சட்டைக் கைக்கு மேல் கட்டுவது, நாற்காலியில் உட்கார்ந்தபின் கட்டி எழும்போது மறப்பது இரண்டும் வழக்கமான தவறுகள். ஸ்ட்ராப்பைக் கட்டியபின் போர்டைத் தொடு. போர்டைக் கவசப் பையில் (ஸ்டேட்டிக் அடியைத் தடுக்கும் வெள்ளி நிறப் பை) போட்டபின் ஸ்ட்ராப்பைக் கழற்று. பையன்களுக்கு இந்த ஒன்றைப் பழக்கினால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை) மெயின்ஸ் பக்கம் திறந்து ஓடும்போது மட்டும் ஸ்ட்ராப் கூடாது. அங்கே 325 வோல்ட் டிசி நிற்கிறது. செருப்பை வெளியே விட்டு வெறுங்காலோடு வேலை பார்ப்பது உங்கள் பக்கத்து வழக்கம். ஈரமான சிமெண்ட் தரையில் வெறுங்கால் ஸ்டேட்டிக்கை இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதையில் 1 மெகா ஓம் கிடையாது. மெயின்ஸ் தொடும் வேலையில் அதை நம்பக்கூடாது.

தெர்மாகோல் பெட்டி மீனுக்கும் ஐஸுக்கும் இருக்கட்டும். தெர்மாகோல், பாலிதீன், செல்லோ டேப், மோல்டட் நாற்காலி, நைலான் டூத்பிரஷ் எல்லாம் இன்சுலேட்டர். எர்த் கொடுத்தாலும் அவற்றின் மின்னூட்டம் இறங்காது. அகற்றுவது ஒன்றே வழி. போர்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இவை எதுவும் வேண்டாம். போர்டைத் தேய்க்க இஎஸ்டி பிரஷ் வாங்குங்கள். உலர்ந்த டூத்பிரஷ்தான் உங்கள் கடையில் தினமும் மின்னேற்றும் பொருள் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் சால்டர் சக்கரும் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் கருவி) அதே கதை. பைகளில் வெள்ளி நிறக் கவசப் பை ஒன்றே வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்கும். இளஞ்சிவப்புப் பை தானே மின்னேறாது, அவ்வளவுதான், கவசம் இல்லை. அதன் குணமும் நாளாக ஆகப் போய்விடும். வெள்ளிப் பையும் மடிந்து கசங்கி ஓட்டை விழுந்தால் பயனில்லை.

சால்டரிங் அயர்னில் இரண்டு பின் அடாப்டர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எர்த் இல்லாத முனையில் கசிவு வோல்டேஜ் மிதக்கும். முனைக்கும் எர்த்துக்கும் இடையே புதிதில் 2 ஓமுக்குள், பழகியபின் 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். முனைக்கும் உறைக்கும் இடையே உப்புத்துரு ஏறினால் இந்த எண்தான் முதலில் கூடும். லேப்டாப்பின் இரண்டு பின் சார்ஜரும் அப்படித்தான்; புரோகிராமர் கேபிளை மாட்டும்போது முதலில் இரு கிரவுண்டுகளையும் ஒரு ஒயரால் தொட்டுச் சேர்த்துவிட்டு மாட்டுங்கள்.

கடைக்கு வெளியே, படகில் நடப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் பீசோ செராமிக். வெயிலில் சூடானாலோ தட்டுப்பட்டாலோ அது தானே வோல்டேஜ் உண்டாக்கித் தன் பின்களில் வைத்துக்கொள்ளும். டெக்கில் நாள் முழுக்கக் காய்ந்த டிரான்ஸ்டியூசரை அப்படியே செட்டில் சொருகினால் அது ரிசீவர் உள்ளீட்டில் கொட்டும். சொருகுமுன் அதன் சிக்னல் பின்கள் இரண்டையும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் சில விநாடி சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். விஎச்எஃப், ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிளும் கழன்று கிடந்தால் நடுக்கம்பியில் மின்னேறும். நடுக்கம்பியையும் வெளிக்கவசத்தையும் அதேபோல் சேர்த்துவிட்டு, செட்டை அணைத்த நிலையில் மாட்ட வேண்டும். தடைக்காலம் முடிந்து செட்டை மாட்டியதும் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். டெலிவரி கொடுக்கும்போது ரெசிஸ்டர் ஒன்றைக் கிளிப்போடு சேர்த்துக் கொடுத்துவிடலாம், சில ரூபாய்தான்.

ஒரு நோட்டில் தேதி, அறையின் ஈரப்பதம், ஸ்ட்ராப், மேட், அயர்ன் முனை எண்களைக் குறித்து வையுங்கள். ஸ்ட்ராப் தினமும், முனை வாரம் ஒருமுறை, மேட் மாதம் ஒருமுறை. திரும்பி வந்த செட்டின் தேதியையும் அதே நோட்டில் எழுதினால் மூன்று மாதத்தில் எது உப்பு, எது ஸ்டேட்டிக், எது பையனின் கை என்று உங்களுக்கே பிரிந்துவிடும்.

ஐயோனைசர் இப்போது வேண்டாம். அகற்ற முடியாத இன்சுலேட்டர் போர்டுக்குப் பக்கத்தில் இருந்தே தீரும் என்றால்தான் அது தேவை. டிஸ்ப்ளே பேனலின் பாதுகாப்புத் தாளை உரிப்பது அப்படி ஒரு வேலை. பிற்காலத்தில் வாங்கினால், பிளஸ், மைனஸ் இரண்டையும் சமமாக வெளியிடுகிறதா என்று கேளுங்கள். மிச்ச வோல்டேஜ் 35 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சமன் கெட்ட ஐயோனைசர் போர்டைத் தானே மின்னேற்றும். ஊசிமுனைகளில் உப்புப் பூத்தால் அந்தச் சமன் போகும், உங்கள் ஊரில் வாரம் ஒருமுறையாவது ஐபிஏ தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் இப்போதைக்கு ஒரு ஸ்ட்ராப் டெஸ்டரும், உண்மையான மேட்டும், நூறு கவசப் பைகளும் வாங்கிக்கொள்ளுங்கள்.